ஆளில்லாத கடற்கரை

போன லாங் வீக்கெண்டுக்கு ஐந்து குடும்பம், நாலு கார், இரண்டு பெரிய ஹாட்பேக் (ஒன்றில் புளியோதரை, இன்னொன்றில் பிரியாணி) சகிதமாக ஹையம்ஸ் பீச்சுக்குக் கிளம்பினோம். சிட்னியிலிருந்து தெற்கே மூன்று மணி நேர ஓட்டம். உலகத்திலேயே வெள்ளையான மணல் இங்கேதான் என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட, அதை நம்பி இன்றைக்கும் கார்கள் வரிசை கட்டுகின்றன. நூற்றுச் சொச்சம் பேர் குடியிருக்கும் ஊர் அது. விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியிலேயே ஆளைப் போட்டு, இடமில்லை என்று காரைத் திருப்பி அனுப்புவார்கள். எங்களையும் திருப்பினார்கள்.

சரி, பிரியாணி ஆறுவதற்குள் எங்கேயாவது உட்காருவோம் என்று ரோட்டோரப் பூங்கா ஒன்றில் விரிப்பை விரித்தோம். அப்போதுதான் என் மகள் அந்தப் படத்தை எடுத்தாள். பள்ளிக்கூட வேலைக்காக என் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்திருக்கிறாள். அதில் கிடைத்ததாம்.

வெண்மணல். கண்ணாடி மாதிரித் தண்ணீர். பின்னால் அடர்ந்த காடு. ஒரு மனுஷன் கிடையாது.

"இது எங்கப்பா?"

"கட்சால். நிகோபார்ல இருக்கு."

அவ்வளவுதான். போன் கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. "அடப்பாவி, இதைப் பார்த்துட்டா ஹையம்ஸுக்கு வந்தே?" என்றான் ஒருத்தன். "டிசம்பர்ல சென்னை போறோம்ல, அந்தமானுக்கு ஒரு எட்டு, அங்கேர்ந்து ஒரு நாள் ட்ரிப்" என்றார் இன்னொருத்தர். நாங்கள் வீடு திரும்புவதற்குள் வாட்ஸ்அப்பில் அதற்கென்று தனிக் குழுவே ஆரம்பித்து, என்னை அட்மின் வேறு ஆக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பிரியாணியைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். என் கருத்து இதுதான்: அந்தக் கடற்கரைக்கு நாம் யாரும் போக வேண்டாம். நானும்தான். அப்படிப் போகவிடாமல் தடுக்கும் சட்டம் சரியான சட்டம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) தெற்கே சுமார் 400 கிலோமீட்டர். நான்கௌரி, கமோர்டா, டிரிங்கட் என்று கூட்டமாக இருக்கும் தீவுகளில் கொஞ்சம் மேற்கே தள்ளி நிற்பது கட்சால். 174 சதுர கிலோமீட்டர். நிகோபார் மாவட்டம் பெரும்பாலும் பழங்குடியினருக்கான காப்பகம். 1956ஆம் ஆண்டு போட்ட பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் வேலை நிமித்தம் அனுமதிச் சீட்டு வாங்காமல் அங்கே காலை வைக்க முடியாது. கடற்கரை பார்க்க வந்தேன் என்றால் சீட்டு கிடைக்காது. நம்மில் பாதிப்பேர் இந்திய பாஸ்போர்ட்டையே திருப்பிக் கொடுத்துவிட்டவர்கள். ஓசிஐ அட்டையை நீட்டி அங்கே ஒன்றும் ஆகாது.

உலகம் இந்தத் தீவை ஒரே ஒரு முறைதான் பெரிதாகக் கவனித்தது என்று நினைக்கிறேன். 2000 ஜனவரி 1. கிரீன்விச் கடிகாரத்தில் நள்ளிரவு அடிக்கும் அதே நொடியில் சூரியன் உதிக்கும் இடம் கட்சால் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். புத்தாயிரத்தின் முதல் சூரியன்! கப்பல் வைத்துப் பயணிகளை அழைத்துப் போனார்கள். பழங்குடித் தீவில் இந்தக் கூத்து தேவையா என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். சூரியன் வந்தது, போட்டோ எடுத்தார்கள், கப்பல் திரும்பிவிட்டது.

அடுத்து கட்சால் செய்தியில் வந்தது 2004 டிசம்பர் 26.

*

நான் போனது 2008இல். வயது 27. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சிவில் படித்துவிட்டு, சென்னையில் சின்ன கம்பெனி ஒன்றில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு அந்தமான் நிகோபாரில் அரசாங்கம் நிரந்தர வீடுகள் கட்டிய காலம் அது. ஆயிரக்கணக்கில் வீடுகள். அதில் எங்கள் ஆட்களுக்கும் ஒரு துண்டு வேலை கிடைத்தது. "தீவுப்படி தனியா உண்டு" என்றார்கள். கிளம்பிவிட்டேன். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் வாந்தி. அப்புறம் தீவுக் கப்பலில் இன்னொரு தவணை வாந்தி.

இறங்கிய இரண்டாம் நாள் ஒரு அதிசயம். சிமெண்ட் மூட்டை இறக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்: "தம்பி எந்த ஊர்?"

தமிழ்! அதுவும் நம் ஊர்த் தமிழ் இல்லை. கொஞ்சம் வேறு மாதிரி ஏற்ற இறக்கம். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் பழக்கதோஷத்தில் "அண்ணாச்சி" என்று கூப்பிட, அவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய், கடைசிவரை அண்ணாச்சியாகவே இருந்தார். பிறந்தது இலங்கையில், இரத்தினபுரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு கட்சால் வந்து சேர்ந்தவர்.

இங்கே சிட்னியில் நம்மோடு பழகும் ஈழத்து நண்பர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுக்காரர்களில் பலருக்குத் தெரியாது. (எனக்கும் அன்றுவரை தெரியாது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.) 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். விட்டுப்போன 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச் சந்தைக் கணக்கு மாதிரி இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

வந்தவர்களை என்ன செய்வது? நீலகிரியில் தேயிலை, கேரளத்தில் புனலூர்ப் பக்கம் ரப்பர், கர்நாடகத்தில் சுள்ளியாவில் ரப்பர். ஒரு சிறு கூட்டத்தை இன்னும் தள்ளி, வங்காள விரிகுடாவைத் தாண்டி, கட்சாலில் காட்டை வெட்டிப் போட்ட ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பாட்டன் பூட்டன் காலத்தில் பஞ்சம் பிழைக்கக் கண்டிக்குப் போன குடும்பம், திரும்பி வந்து சொந்த ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் அடுத்த கப்பலில் ஏறிவிட்டது.

அண்ணாச்சி விடியும் முன்னே பால்வெட்டப் போவார். நெற்றியில் விளக்கு, கையில் வளைந்த கத்தி. பத்து மணிக்கெல்லாம் பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு எங்கள் சைட்டுக்கு வந்துவிடுவார். மதினி கொடுத்தனுப்பும் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் இல்லாவிட்டால் அந்த ஏழு மாதம் நான் இளைத்துத் துரும்பாகியிருப்பேன். அவர்கள் லயம் மேட்டில் இருந்ததால் அலைக்குத் தப்பியது. கரையோரம் இருந்த நிகோபாரிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்கள் ஊரெல்லாம் கடலைப் பார்த்துத்தான் இருந்தது. தென்னை கரையோரம், வீடு கரையோரம், சர்ச் கரையோரம், தோணி வாசலில்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2001 சென்சஸில் கட்சாலின் ஜனத்தொகை 5,312. 2011 சென்சஸில் 2,685. செத்தவர், காணாமல் போனவர், வேறு தீவுக்குப் போனவர், எல்லாம் அந்தக் கழித்தலுக்குள் அடக்கம்.

*

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

சைட்டில் மூன்று மாதம் ஆகியும் நான் கடலில் குளித்ததில்லை. மேற்குக் கரையில் மணல் பால் மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டு அண்ணாச்சியை அரித்தெடுத்தேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "கேப்டனைக் கேக்கணும் தம்பி" என்றார். நிகோபாரி ஊர்த்தலைவரைக் கேப்டன் என்பார்கள். கடற்கரைக்குப் போக எதற்கு ஊர்த்தலைவர் என்று எனக்கு எரிச்சல். கையில் அரசாங்கச் சீட்டு இருக்கிறதே! ஆனாலும் போனோம், கேட்டோம். கேப்டன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, தன் மருமகப் பையன் ஒருவனைக் கூட அனுப்பினார். அவனுக்கு இருபது வயதிருக்கும். எஸ்டேட் பிள்ளைகளோடு படித்தவன், ஓரளவு தமிழ் பேசுவான்.

லாரியில் பாதி தூரம். அப்புறம் நடை. ரோடு இருந்த இடத்தில் ரோடு இல்லை. அட்டைக்கடி. காடு திடீரென்று விலகியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், கண் கூசியது.

நம் மெரினா மணல் ஆறுகள் கொண்டுவந்து கொட்டியது, கல்லும் கருமணலும் கலந்தது. இந்த ஹையம்ஸ் மணல் வெறும் குவார்ட்ஸ் தூள். கட்சால் மணல் வேறு ஜாதி. பவளப்பாறையும் சிப்பியும் பொடிந்து பொடிந்து சேர்ந்தது. கிளிமீன் என்று ஒரு மீன் பவளத்தைக் கடித்து அரைத்து மணலாக வெளியே தள்ளும். ஒரு பெரிய மீன் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ தள்ளுமாம். அந்த மணல் உச்சி வெயிலிலும் மெரினா மாதிரி உள்ளங்காலைப் பொசுக்காது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். தண்ணீரில் விழுந்தேன், புரண்டேன், கத்தினேன். அண்ணாச்சி கரையிலேயே உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்தப் பையன் மணலில் கால் வைக்கவே இல்லை. காட்டு ஓரத்திலேயே ஒரு வேரில் சாய்ந்து நின்றான்.

நான் போட்டோவாக எடுத்துத் தள்ளினேன். அலைக்கு நடுவில் இருபது முப்பது கம்பங்கள் கருப்பாக நின்றன, ஒழுங்கில்லாத வரிசையில். பழைய துறைமுகத்தின் கால்களாக இருக்கும் என்று நினைத்து, அதையும் சேர்த்து ஒரு நல்ல கோணத்தில் எடுத்தேன். மகள் கண்டுபிடித்த படம் அதுதான்.

திரும்பும்போது பையனிடம் விளையாட்டாகக் கேட்டேன். "உங்களுக்கு இவ்வளவு அழகான பீச் இருக்கே, ஏன் யாருமே வர்றதில்ல?"

அவன் கடலைக் கையால் காட்டினான். "எங்க வீடு அங்க."

எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சிதான் மெதுவாகச் சொன்னார். அந்தக் கம்பங்கள் துறைமுகக் கால் இல்லை. தென்னைமரங்கள். தலை போய், உப்புத் தண்ணீரில் செத்து நிற்பவை. நிலநடுக்கத்தில் நிகோபார் தீவுகள் அப்படியே கீழே இறங்கின. தெற்கு முனையான இந்திரா முனையில் நாலு மீட்டருக்கும் மேல். கட்சால் கரையும் இறங்கியது. ஊர் இருந்த இடம் கடலாகிவிட்டது. ஊருக்குப் பின்னால் காடு இருந்த இடத்தில் அலை புதிதாக மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. நான் புரண்டு விளையாடியது அவர்கள் தோப்பில்.

"இவன் அன்னிக்கு மேல காட்டுக்குப் போயிருந்தான் தம்பி. அதான் இருக்கான்" என்றார் அண்ணாச்சி.

டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆறரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பூமி ஆடியது. மீதியை நான் எழுதவேண்டியதில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. சென்னை வந்ததும் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் வால்பேப்பராக வைத்துக்கொண்டேன். "எனக்கே எனக்கான பீச்" என்று தலைப்புப் போட்டு நண்பர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பினேன். படத்தில் அந்தப் பையன் இல்லை, அண்ணாச்சி இல்லை. அழகு கெட்டுவிடும் என்று நான்தான் அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். ஆக, ஆளில்லாத கடற்கரை என்பதில் பாதியைக் கடல் செய்தது, மீதியை நான் செய்தேன்.

*

குழுவில் வந்த வாதங்களுக்கு வருகிறேன்.

ஒன்று: "நம்ம நாட்டுக்குள்ள நாம போக எதுக்கு பர்மிட்?" நான் அன்று கேப்டன் வீட்டு வாசலில் பட்ட எரிச்சலும் இதேதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுக் கொல்லைப்புறம் அழகாக இருக்கிறது என்று யாராவது ஏறிக் குதித்து வந்து போட்டோ எடுத்தால் நாடு ஒன்றுதானே என்று விட்டுவிடுவோமா? அந்தத் தீவு வெறும் வரைபடத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி இல்லை. ஒவ்வொரு தோப்புக்கும் ஒரு குடும்பம் சொந்தம் கொண்டாடும் இடம். பட்டா இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டு: "ராஜேந்திர சோழன் ஜெயிச்ச இடம் மச்சி, மாநக்கவாரம்னு மெய்க்கீர்த்தியிலேயே இருக்கு." இருக்கிறது, மறுக்கவில்லை. 1025 வாக்கில் நடந்த படையெடுப்பு. ஆயிரம் வருஷத்துக்கு முன் நம்மூர்க் கப்பல் அங்கே போனது என்பதால் நமக்கு டிக்கெட்டில் தள்ளுபடி உண்டா என்ன? :-) கட்சாலில் உண்மையிலேயே இருக்கும் தமிழன் சோழன் இல்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூன்று மணிக்குப் பால்வெட்டப் போன அண்ணாச்சிதான். சோழனைப் பற்றி இருநூறு ஃபார்வர்டு வந்தது. அவரைப் பற்றி ஒன்று வந்திருக்கிறதா?

மூன்று: "டூரிசம் வந்தா அவங்களுக்கும் வேலை கிடைக்குமே." இது கொஞ்சம் நியாயமான கேள்வி. உதறிவிட மாட்டேன். ஆனால் வெளியிலிருந்து நல்லது செய்யப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். சுனாமிக்குப் பிறகு முதலில் தகரக் கொட்டகை போட்டார்கள். அந்த வெயிலுக்கு அது அடுப்பு. பிறகு நாங்கள் போய், மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்த இரும்புச் சட்டங்களைப் பூட்டி, கடலை விட்டுத் தள்ளி, வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடு கட்டினோம். கூட்டுக்குடும்பமாக ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களை, புருஷன் பெண்டாட்டி பிள்ளை என்று தனித்தனிப் பெட்டியில் பிரித்தோம். "பன்றி எங்கே கட்ட, தேங்காய் எங்கே அடுக்க, சித்தப்பா எங்கே படுக்க?" என்று ஒரு பாட்டி கேட்டதாக அந்தப் பையன் மொழிபெயர்த்தான். என் வரைபடத்தில் அதற்கு இடமில்லை. மாற்றச் சொல்லி மேலே எழுதக்கூட எனக்குத் தோன்றவில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. கேட்காமல் செய்தோம், அவ்வளவுதான். ரிசார்ட்டும் அப்படித்தான் வரும். அவர்களே கூடி, வாருங்கள் என்று கூப்பிட்டால் அது வேறு கதை.

நான்கு: "ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வர்றதுல என்னடா ஆகப்போகுது?" ஒரு நாள் போகிறவனுக்குத்தான் எல்லாம் அழகாக இருக்கும். எனக்கே அந்த ஒரு நாளில் செத்த தென்னை துறைமுகமாகத் தெரிந்ததே!

இது கட்சாலுக்கு மட்டுமில்லை. நம் தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரும் ரயிலும் போயிற்று. சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டே மாதத்தில், தலைமன்னாரிலிருந்து ஆள் வந்து இறங்கும் துறையே இல்லாமல் போனது. இன்றைக்கு அரிச்சல்முனை வரை நல்ல ரோடு. இடிந்த சர்ச் சுவரில் சாய்ந்து நாம் படமெடுத்துக்கொள்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன், கூலிங்கிளாஸோடு. டியாகோ கார்சியா இன்னொன்று. அங்கே ஆளில்லாமல் போனது கடலால் இல்லை. 1968க்கும் 1973க்கும் இடையில் பிரிட்டிஷ்காரர்கள் சாகோஸ் தீவுக்கூட்டத்து ஜனங்கள் அத்தனை பேரையும் கப்பலேற்றி அனுப்பினார்கள், அமெரிக்க ராணுவத் தளத்துக்காக. அதே தீவில்தான் 2021 அக்டோபரில் படகில் கரையொதுங்கிய ஈழத்தமிழர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் கூடாரத்தில் கிடந்து, பெரும்பாலோர் 2024 டிசம்பரில்தான் இங்கிலாந்துக்கு வந்தார்கள். அங்கேயும் மணல் வெள்ளைதான். ஒரு கரை காலியாக இருந்தால், யாரைக் காலி செய்து காலியானது என்று கேட்பது நல்ல பழக்கம்.

*

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன்.

தீவு நிகோபாரிகளுடையது என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் அண்ணாச்சி? அவருக்கு அங்கே சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. இலங்கையில் அந்நியன், தமிழ்நாட்டில் அகதி, கட்சாலில் வெளியாள். அந்த ரப்பர் தோட்டத்தை நடத்திய வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூட 2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் நெற்றி விளக்கு. அவர் எண்ணில் அதற்குப் பல வருஷம் முன்பே தொடர்பு அறுந்துவிட்டது. என் சோம்பேறித்தனம்தான் காரணம், வேறென்ன.

ஒரு தடவை அவரிடமே இதைக் கேட்டேன். "நிகோபாரிங்க உங்கள வெளிய போங்கன்னு சொன்னா?" அவர் சிரித்தார். "சொன்னா அதுல தப்பு இல்ல தம்பி. நாங்க எங்க போனாலும் அடுத்தவன் காடுதான். இங்க கூட்டியாந்தது அவங்க இல்லையே."

கூட்டி வந்தது அவர்கள் இல்லையே. இந்த ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பழங்குடிக்கு நிலம் வேண்டும், தோட்டத் தமிழனுக்கும் ஒரு நிலம் வேண்டும். இரண்டும் நியாயம். ஆனால் இரண்டாவது நியாயத்துக்கு முதலாமவன் விலை கொடுக்கக் கூடாது. ஒப்பந்தம் போட்டு, கப்பலேற்றி, காட்டை வெட்டச் சொன்ன அரசாங்கம்தான் கொடுக்க வேண்டும். வீட்டுமனையோ, வேலையோ, ஓய்வூதியமோ, அவர்கள் போக விரும்பும் இடத்தில் கொடுக்க வேண்டும். தமிழ், தமிழர் என்று வருஷத்துக்கு நாலு விழா நடத்தும் நாம் இதைக் கேட்டால் கொஞ்சம் பொருத்தமாக இருக்கும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. இங்கே பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் எந்த விழாவானாலும், இந்த மண் தாருக் மக்களுடையது என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். நாம் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். நாமும் அடுத்தவன் காட்டில்தான் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறோம். அண்ணாச்சி அதைத் தெரிந்து வைத்திருந்தார். நமக்கு அது தெரியவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்களைத் திருப்பி அனுப்பிய ஹையம்ஸுக்குப் பக்கத்திலேயே பூடரி தேசியப் பூங்கா இருக்கிறது. அந்த நிலம் 1995இல் ரெக் பே பழங்குடி மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர்களே அதை அரசாங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டு, சேர்ந்து நிர்வாகம் செய்கிறார்கள். நமக்குத் திறந்துவிட்ட கடற்கரைகள் அங்கே நிறைய. அவர்கள் குடியிருக்கும் ஊருக்குள் மட்டும் வெளியாட்கள் போகக்கூடாது. அந்தப் பலகையைப் பார்த்து இதுவரை நம்மில் ஒருத்தரும் முணுமுணுத்ததில்லை. பேசாமல் காரைத் திருப்பிக்கொண்டு அடுத்த கரைக்குப் போகிறோம். வெள்ளைக்காரன் நாட்டில் வரும் அந்த மரியாதை, சொந்த நாட்டில் ஏன் வரமாட்டேன் என்கிறது?

குழுவை நேற்று கலைத்துவிட்டேன். (அட்மின் ஆக்கியதால் வந்த வசதி!) டிசம்பரில் அந்தமான் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஹேவ்லாக் இருக்கிறது, நீல் இருக்கிறது, பேரை மாற்றினாலும் மணல் அதே மணல்தான். எல்லாரும் போகலாம் என்று திறந்த இடங்கள். கட்சாலை விட்டுவிடுவோம்.

படத்தை என்ன செய்வது என்று மகள் கேட்டாள். அழித்துவிடலாமா என்று எனக்கும் ஒரு யோசனை. அவள்தான் வேண்டாம் என்றாள். பெரிதாக்கிப் பார்த்து, தண்ணீருக்குள் நிற்கும் தென்னைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்தாறு இருந்தது. அதை ஒரு தாளில் அச்செடுத்து, கீழே எழுதி வைத்திருக்கிறாள்: "இது பீச் இல்லை. இது ஒரு ஊர்."

இதை எழுதி முடிக்க எனக்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. அவளுக்கு அரை மணி நேரம்.

அண்ணாச்சி, மதினி, நீங்கள் இப்போது எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள். அந்தச் சம்பலின் கைப்பக்குவம் இன்னும் எனக்கு வரவில்லை.